ஒரு நாள், ஒரு வேன், ஓர் அருவி: வாசகர் கேள்வி–பதில்

கொங்கு நாட்டிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பும்படியாக, எட்டுப் பத்துப் பேர் ஒரு வேனில் மலையருவிகளுக்கும் காட்சிமுனைகளுக்கும் போய்வருவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். ஒரே கருத்தைக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: நாங்கள் எட்டுப் பெண்கள், எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். வால்பாறைக்கு ஒரே நாளில் ஏழு இடங்கள் காட்டுவதாக ஒரு துண்டறிக்கை வந்தது. அதை நம்பிப் பணம் கட்டலாமா?

தாங்கள் இணைத்தனுப்பிய துண்டறிக்கையில் ஆழியாறு அணை, குரங்கு அருவி, ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் வியூ, கருமலை பாலாஜி கோயில், நல்லமுடிப் பூஞ்சோலை, சோலையாறு அணை, கூழாங்கல் ஆறு என்று ஏழு பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்த இடமே. ஆனால் அந்தத் தாளில் எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். கோபியிலிருந்து திருப்பூர் வழியாகப் பொள்ளாச்சி சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான் என்றாலும், இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் வேனுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, எங்கும் இறங்காமல் போனாலே வால்பாறையில் கால் வைக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். நல்லமுடியும் சோலையாறும் வால்பாறையிலிருந்து வெவ்வேறு சாலைகளில் இருக்கின்றன. ஒன்றுக்குப் போய்த் திரும்பித்தான் மற்றதற்குப் போக வேண்டும். திரும்பும் வழி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்வதால், யானைகள் சாலையைக் கடக்கும் அந்தி நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுவதுதான் அறிவுடைமை. ஆக மலைமேல் தங்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு மணி நேரம். அதில் ஏழு இடங்கள் என்றால், வேனிலிருந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுவதற்குத்தான் நேரம் சரியாக இருக்கும். முழங்கால் வலியுள்ள ஒருவர் ஏறி இறங்கவே ஐந்து நிமிடம் ஆகும் என்பதைத் துண்டறிக்கை அச்சிட்டவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் வழக்கம், ஒரு நாளுக்கு ஓர் அருவி, மிஞ்சினால் இரண்டு காட்சிமுனைகள், அவ்வளவே. தங்களுக்கு வால்பாறையைவிடக் கோத்தகிரிப் பக்கம் பொருந்தும். கோபியிலிருந்து சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் வழியாகச் சென்றால் மலையடிவாரம் வரை சமதளச் சாலை. அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். கோத்தகிரியில் காலை உணவை முடித்துக்கொண்டு, அடுத்த 18 கிலோமீட்டரில் உள்ள கோடநாடு காட்சிமுனைக்கு முதலில் போய்விடுங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கும், அதன் அடியில் தெங்குமரஹாடா ஊரின் வயல்களும், வானம் தெளிவாக இருந்தால் பவானிசாகர் நீர்த்தேக்கமும் அங்கிருந்து தெரியும். தங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் பவானியின் தொட்டிலை மேலிருந்து பார்ப்பது கோபிக்காரர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

முதலில் காட்சிமுனை, பிறகு அருவி என்ற இந்த வரிசையை யார் மாற்றச் சொன்னாலும் மாற்றாதீர்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி, ஈரத்தையும் சுமந்துகொண்டு சரிவில் மேலேறும். மேலே குளிர்ந்ததும் அது மஞ்சாகத் திரண்டு முனையை மூடிவிடும். ஒன்பது மணிக்குப் பத்துக் காதம் தெரிந்த இடத்தில், இரண்டு மணிக்குப் பக்கத்தில் நிற்பவரின் சேலை நிறம்கூடத் தெரியாமல் போன நாள்கள் எனக்கு உண்டு. அருவிக்கு அந்தக் கவலை குறைவு. பிற்பகல் குன்னூர் வழியாக டால்பின் மூக்கு முனைக்குப் போனால், எதிர் மலையிலிருந்து ஏறத்தாழ 250 அடி விழும் கேத்தரின் அருவியைப் படி எதுவும் இறங்காமல் பார்க்கலாம். கோத்தகிரியில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரின் மனைவி பெயர் அது. குளிக்க முடியாது; பார்க்கலாம். அன்றைக்கு மஞ்சு முன்பே இறங்கிவிட்டால், அந்த முனையை விட்டுவிட்டுக் குன்னூரில் தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று. நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வால்பாறைக்கும் 2025 நவம்பர் முதல் அதே முறை வந்துவிட்டது. கட்டணம் கிடையாது; ஆனால் வண்டி எண் தெரிந்தால்தான் எடுக்க முடியும். ஆகவே எந்த வண்டி வரும் என்பதை முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். கோடைக் கூட்டத்தின்போது குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்தை அமல்படுத்துவார்கள் என்பதால், நான் சொன்ன பயணத்தை ஏப்ரல், மே மாதங்களில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

திருப்பூரிலிருந்து பனியன் நிறுவனத் தொழிலாளர்கள் சிலர்: மே மாதம் போனோம், அருவியில் பாறைதான் இருந்தது. தண்ணீர் எப்போது இருக்கும்?

பள்ளி விடுமுறையும் அருவியின் பருவமும் நம் நாட்டில் ஒன்றாக வருவதில்லை. மேற்கே இருக்கும் ஆனைமலை, சிறுவாணி மலைகளுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் உயிர். ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்யும். கோவைக் குற்றாலமும் குரங்கு அருவியும் நிறைவது அப்போதுதான். கிழக்கே ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரியின் கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரி ஆகியவற்றுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை முக்கியமானது. ஏற்காட்டின் கிளியூர் அருவி, ஏரி நிறைந்து வழியும் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு விழுவது. ஏரி வழியாத மாதத்தில் அங்கே போய் ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஆனால் மழையின் உச்சத்தில் போவதும் வீண். வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். வாயிற்கதவோடு திரும்ப வேண்டியதுதான். வடகிழக்கு மழை வலுத்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைச்சாலைகளில் மண் சரிவதும் உண்டு. ஆகையால் மழையின் வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பேன். ஆனைமலைப் பக்கம் என்றால் செப்டம்பர் கடைசி. கொல்லிமலை, ஏற்காடு, கோத்தகிரி என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் வரை. அப்போது தண்ணீரும் இருக்கும், வானமும் வெளுத்திருக்கும். தீபாவளிக்கு நிறுவனங்கள் விடும் ஒரு வார விடுமுறையைத்தான் பயன்படுத்த முடியும் என்றால், பண்டிகைக்கு அடுத்த இரண்டு நாள்களைத் தவிர்த்து, வாரத்தின் கடைசியில் வரும் வேலை நாள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோவைக் குற்றாலத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: என் மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. கொல்லிமலை ஆகாய கங்கையைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். அழைத்துப் போகலாமா?

ஆசைக்குத் தடை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆகாய கங்கை கீழே இருக்கிறது என்பதை அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மலையேறிப் பார்க்கும் இடங்களில் களைப்பு முதலில் வரும், திரும்புவது இறக்கமாக இருக்கும். இங்கே தலைகீழ். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான், ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் இடத்தை அடையலாம். இறங்கும்போது எல்லோரும் இளைஞர்களாகத்தான் இருப்பார்கள். குளித்து, பசியெடுத்து, ஈரத் துணியோடு திரும்பி ஏறும்போதுதான் வயது தெரியும். இதய நோய், மூட்டுத் தேய்மானம், இரத்த அழுத்தம் இவற்றில் எது இருந்தாலும் படியிறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கூட்டமாகப் போகும்போது, தமக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில் பெரியவர்கள் மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு வேகமாக ஏறுவார்கள். அது படிகளைவிட ஆபத்தானது.

அதற்காக அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். அறப்பளீசுவரர் கோயிலில் அவரும் துணைக்கு ஒருவரும் இருக்கட்டும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது என்று பேசிக்கொண்டிருக்க அவருக்கு வேண்டிய கதை இருக்கும். காலையில் சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கு எல்லோருமாகப் போகலாம். அங்கே அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாள்களில் மலையே நிரம்பி வழியும் என்பதால், முதியவரோடு அப்போது போகாதீர்கள்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பன்னிரண்டு பேர் வாடகை வேனில் அங்கிருந்து இறங்கியபோது, ஏறத்தாழ பாதி வழியில் ரப்பர் கருகுவதைப் போல ஒரு வாடை வந்தது. ஓட்டுநர் சமவெளிக்காரர், மூன்றாவது கியரில் வண்டியை விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டுமே அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார். எங்களோடு வந்த அப்புச்சி ஒருவர், முன்பு லாரி ஓட்டியவர், "வண்டிய ஓரங்கட்டுங்க தம்பி" என்று குரல் கொடுத்ததால்தான் நிறுத்தினார். முக்கால் மணி நேரம் சக்கரங்கள் ஆறக் காத்திருந்து, பிறகு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக இறங்கினோம். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடியை இழந்துவிடும்; எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பால பாடம். வண்டி பேசும்போது இருக்கையின் சொகுசைக் கேட்கிறோம். ஓட்டுநர் மலையில் ஓட்டிப் பழகியவரா என்று கேட்க மறந்துவிடுகிறோம். அன்று நானும் மறந்தவன்தான்.

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர்: தெரியாதவர்களோடு இருக்கைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் போகும் குழுப் பயணம் நல்லதா, நாமே வேன் பிடிப்பது நல்லதா?

ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் முன்னது சிக்கனம். அதற்கு மேல் என்றால் தனி வேன்தான் நிம்மதி. தனி வேனில் ஒருவருக்குத் தலை சுற்றினால் நிறுத்தச் சொல்லலாம். அந்நியர்களோடு போகும்போது அந்த உரிமை பத்தில் ஒரு பங்குதான்.

வேன் பேசும்போது வாடகைத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, கிலோமீட்டர் என்றால் ஷெட்டிலிருந்து ஷெட் வரையா அல்லது தங்கள் வாசலிலிருந்தா, ஓட்டுநர் பேட்டா, சுங்கம், மலை ஏற்றத்துக்கான கூடுதல் தொகை, வனத்துறை நுழைவுக் கட்டணம் ஆகியவை உள்ளடங்கியவையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இருக்கை என்பது ஓட்டுநரையும் சேர்த்தா என்பதும் கேட்கத் தகுந்த கேள்வியே. மஞ்சள் எண்பலகை உள்ள வண்டியையே எடுங்கள். தெரிந்தவர் வண்டி, மலிவாக வருகிறது என்று வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், அது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்க, விபத்து நேர்ந்தால் சொந்த உபயோகத்துக்கான காப்பீட்டை வைத்துக்கொண்டு இழப்பீடு பெறுவது பெரும்பாடாகிவிடும்.

இருக்கைக் கட்டணத்தில் போகிறவர்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: வெள்ளத்தால் அருவியை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்? மாற்று இடம் எது என்று உடனே சொல்லத் தெரிந்தவர் அந்தச் சாலையில் பலமுறை போய்வந்தவர். "அதெல்லாம் மூட மாட்டாங்க சார்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: வால்பாறை வழியாகவே அதிரப்பள்ளியையும் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் நாள் முழுவதும் வண்டிக்குள்தான் இருப்பீர்கள். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி செல்லும் காட்டுச் சாலை மிக அழகானது. அதனாலேயே அதை அவசரமாகக் கடக்கக் கூடாது. இரு மாநிலச் சோதனைச் சாவடிகளிலும் பைகளைப் பார்ப்பார்கள். அந்திக்கு மேல் சுற்றுலா வண்டிகளை உள்ளே விடுவதில்லை. வாடகை வண்டி என்றால் கேரளத்துக்கான அனுமதிச் சீட்டும் வரியும் கட்டியாக வேண்டும். அதிரப்பள்ளியை மட்டும் பார்ப்பது தங்கள் எண்ணம் என்றால், பாலக்காடு, திருச்சூர், சாலக்குடி வழியாக நெடுஞ்சாலையில் போய் அதே வழியில் திரும்புங்கள். சாலக்குடி ஆறு ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து அகலமாக விழுவதைக் கண்குளிரப் பார்க்க அப்போதுதான் இரண்டு மணி நேரமாவது மிஞ்சும். வால்பாறைச் சாலையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அது தங்கள் வாசலில்தானே இருக்கிறது.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: பஞ்சலிங்க அருவிக்குப் பிள்ளைகள் நண்பர்களோடு போகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் பயமில்லைதானே?

இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும். திருமூர்த்தி மலையில் தாங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே, கண்ணுக்குத் தெரியாத முகடுகளில் அரை மணி நேரம் கொட்டிய மழை ஓடைகளில் திரண்டு ஒரே சுவராக இறங்கி வரும். அடிவாரத்து அமணலிங்கேசுவரர் கோயிலையே வெள்ளம் சூழ்ந்துகொள்வது தங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான்.

வெள்ளம் சில அறிகுறிகளோடு வரும். தெளிந்த நீர் செம்மண் கலந்து கலங்கும். பச்சை இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். அருவியின் ஓசை கனக்கும். இவற்றில் எதையாவது கண்டால் துணியையும் செருப்பையும் தேடாமல், பக்கவாட்டில் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். நீரோட்டத்தோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. தண்ணீர் நம்மைவிட வேகமாக ஓடும். சாதாரண நாளிலும் அருவி நேராக விழும் இடத்தில் தலையைக் கொடுக்காமல் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். தண்ணீரோடு கல்லும் கட்டையும் வரும். குடித்திருப்பவன் ஒருவன் கூட்டத்தில் இருந்தால் அவனைத் தண்ணீருக்குள் விடக் கூடாது, அவன் கோபித்துக்கொண்டாலும் சரி. ஊழியர்கள் ஊதல் ஊதினால் ஏன் என்று கேட்காமல் வெளியேறும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அவிநாசியிலிருந்து ஒரு வாசகி: வளைவுகளில் எனக்கு வாந்தி வருகிறது. கட்டுச்சோறு கட்டிப்போவதா, மலைமேல் கடையில் சாப்பிடுவதா என்றும் சொல்லுங்கள்.

முன் இருக்கையில் அமர்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். பயண வாந்திக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, மலையேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, பொங்கலையும் வடையையும் திரும்பி வந்து சாப்பிடுங்கள்.

கட்டுச்சோறுதான் நல்லது. புளிச்சோறும் எள்ளுத் துவையலும் மாலை வரை கெடாது. எவர்சில்வர் தூக்கில் எடுத்துச் செல்லுங்கள். நீலகிரியில் நெகிழிப் பைகளுக்கும் சிறிய தண்ணீர்ப் புட்டிகளுக்கும் தடை உள்ளது, சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். அருவிக்கரையில் பிரிக்க வேண்டாம். குரங்கு அருவிக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். தூக்கின் மூடியைத் திறக்கும் முன் பின்பக்கக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருவரைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.